ஏலக்கூடத்தில் நின்ற படகு

தேசப்பா,

நேற்றும் நீ போனை வைத்துவிட்டாய். பவானி என்று நான் வாயைத் திறந்ததும், "அம்மா, டூட்டில கீறேன், அப்பாலிக்கா பேசறேன்" என்கிறாய். அந்த அப்பாலிக்கா இதுவரை வரவில்லை. நெல்லூர்ப் பக்கம் அந்தத் துறைமுகத்தில் உனக்கு மட்டும்தான் எந்நேரமும் டூட்டியா? மற்றவர்கள் யாரும் அம்மாவோடு பேசுவதில்லையா? போனைப் பாதியில் வைத்தால் என் பேச்சு அதோடு போயிற்று. கடிதத்தைப் பாதியில் வைத்தால் அது உன் தலைமாட்டிலேயே கிடக்கும், மறுபடி கண்ணில் படும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் என் எழுத்து இன்றைக்கும் உன் எழுத்தைவிட நன்றாக இருக்கும், அது உனக்கே தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் மீனவர் சங்கத்தில் திருவிழாவுக்கு மலர் போடுகிறார்கள், பெரியவர்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். கூடை சுமந்து மீன் விற்ற கதையை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். நீ உன் மகளை நாலு பேர் முன்னால் பேசினாய். நானும் நாலு பேர் முன்னால் பேசுகிறேன். கணக்குச் சரியாகப் போகட்டும்.

படிக்கிறவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். என் பேத்தி பவானி இன்ஜினீயரிங் முடித்துவிட்டாள். கொச்சியில் கப்பல் டிசைன் செய்கிற ஓர் இடத்தில் அவளை எடுத்திருக்கிறார்கள், முதலில் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. அடுத்த மாதம் பிறந்தால் போய்ச் சேர வேண்டும். அவளானால் பெட்டியில் அடுக்கிய துணியை எல்லாம் எடுத்து மறுபடி கொடியில் போட்டுவிட்டாள். "அப்பா போன்னு ஒரு வார்த்தை சொல்லாம நான் போமாட்டேன் ஆயா" என்று உட்கார்ந்திருக்கிறாள். நீ சொல்லமாட்டாய், அவள் போகமாட்டாள். உங்கள் இரண்டு பேர் நடுவில் நானும் உன் பெண்டாட்டி கலாவும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறோம். "நீங்களே அவர்கிட்ட பேசுங்க அத்த, நான் பேசினா சண்டைதான் வரும்" என்கிறாள் அவள். நான் பேசினால் மட்டும் என்ன வருகிறது, டூட்டிதான் வருகிறது.

அன்றைக்குக் காலேஜில் நடந்ததைத்தான் நீ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய். கடைசி வருஷப் பிள்ளைகள் தாங்கள் செய்த புராஜெக்டைப் பெற்றவர்களுக்கும் காட்டுகிற நாள் அது. நீ லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தாய். என்னையும் கைப்பிடித்து அழைத்துப் போய் முன் வரிசையில் உட்காரவைத்தாய். பவானி எடுத்துக்கொண்டது நம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுக விஷயம். கரையில் இரண்டு இரும்புத் தூண், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு, இரண்டையும் இழுத்துக் கட்டினால் படகின் மூக்கு எங்கே வந்து நிற்கும், காற்று அடித்தால் எவ்வளவு நகரும், பக்கத்துப் படகில் இடிக்குமா இடிக்காதா. அவள் தாத்தாவான உன் நைனாவின் படகு அந்தப் புயலில் கயிறு சரியில்லாமல் திரும்பிப் போய்ச் சுவரில் மோதி உடைந்ததைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், வேறு எதை எடுப்பாள்? அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் சாஃப்ட்வேரில் கொடுத்து, படமாகவும் வரவைத்திருந்தாள். சார் சொன்னார், இந்த மேடைக் கம்ப்யூட்டரிலேயே ஒருமுறை போட்டுக் காட்டம்மா என்று. போட்டாள். படகு திரையில் வந்தது. கரையைத் தாண்டி, தூணைத் தாண்டி, மீன் ஏலம் விடுகிற கூடத்துக்கு நடுவில் வந்து நின்றது.

பின்னாலிருந்து யாரோ ஒரு ஆள், "இன்னாமே, போட்டே மீன் வாங்க வந்துகீதா?" என்றான். அரங்கமே சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்வானேன். கொட்டிவைத்த சங்கரா மீனுக்கு நடுவில் விசைப்படகு நிற்பதை நினைத்தால் யாருக்குத்தான் வராது. ஆனால் நீ சிரிக்கவில்லை. எழுந்தாய். உன் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "போட்டைத் தண்ணில நிறுத்தத் தெரியல, நீ கொச்சிக்குப் போயி இன்னா கிழிக்கப் போற?" என்றாய். அப்படியே வெளியே போய்விட்டாய். அவள் மைக்கைப் பிடித்தபடி உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லலாம் என்றால் நீதான் கேட்கமாட்டேன் என்கிறாயே.

சொல்வதற்கு முன்னால் நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அது முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. "கணக்குன்னா ஒரே விடைதான். அவ இன்னாடான்னா மொதல்ல குத்துமதிப்பா ஒரு நம்பர் போடணும்ங்கிறா. குத்துமதிப்புக்கு எதுக்கு நாலு வருசம் படிப்பு?" என்றாய். தேசப்பா, இதே கேள்வியை உனக்கு முன்னாலேயே நான் அவளிடம் கேட்டுவிட்டேன். எங்கள் வாத்தியார் உத்தேசமாக விடை சொன்னால் கையை நீட்டச் சொல்லுவார். நான் கேட்டபோது அவள் சிரித்துவிட்டு, சின்னக் கணக்கு என்றால் நேராகப் போய் விடையைப் பிடித்துவிடலாம் ஆயா என்றாள். இது அப்படி இல்லையாம். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய கணக்குகள், ஒன்றை இழுத்தால் இன்னொன்று நகரும். அதனால் கம்ப்யூட்டர் நேராகப் போகாதாம். நாம் முதலில் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். அது அங்கே போய் நின்று, எவ்வளவு தப்பு என்று பார்த்து, தப்பு குறைகிற பக்கமாக ஓர் அடி வைத்து, மறுபடி பார்த்து, மறுபடி வைத்து, இப்படியே போய்த் தப்பே இல்லாத இடத்தில் நின்றுகொள்ளுமாம். எங்கே ஆரம்பிக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எங்கே போய் நிற்கும் என்பது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. விடை ஒன்றுதானே, எங்கே ஆரம்பித்தால் என்ன என்று கேட்டேன். அவள் நமக்கு வந்த மிக்சி கதையை எடுத்தாள்.

அந்தக் கூத்து உனக்கும் தெரியும். நீ ஆன்லைனில் மிக்சி வாங்கி அனுப்பினாய். கொண்டுவந்த பையன் எப்படியோ விம்கோ நகரில் போய் இறங்கிவிட்டான். நம் தெருப் பெயரைச் சொல்லி, அம்மன் கோயில் தெரு எது என்று கேட்டிருக்கிறான். கேட்டவர்கள் எல்லாரும் சரியாகத்தான் வழி சொல்லியிருக்கிறார்கள், அவனும் சரியாகத்தான் போயிருக்கிறான். ஆனால் அது அந்த ஊர் அம்மன் கோயில் தெரு. அங்கே நின்றுகொண்டு, உங்க வூட்டு வாசல்லதான் நிக்கிறேன், கதவைத் தொறங்க என்று போனில் என்னிடம் சண்டை போட்டான். நானும் திறந்த கதவில் நின்றுகொண்டு அவனைத் திட்டினேன். பவானி சொன்னாள், அவன் ஒரு திருப்பத்தில்கூடத் தப்புப் பண்ணவில்லை ஆயா, ஆரம்பித்த இடம்தான் வேறு. காசிமேட்டில் இறங்கியிருந்தால் இதே போல விசாரித்து நம் வீட்டுக்கே வந்திருப்பான். படகும் அப்படித்தானாம். இரண்டு கயிறும் விறைப்பாக நிற்கிற இடம் காகிதத்தில் இரண்டு உண்டு. தூண்களுக்கு அந்தப் பக்கம் கடலில் ஒன்று, அதே தூரத்தில் இந்தப் பக்கம் தரையில் ஒன்று. கயிற்றுக்குத் தண்ணீர் எது தரை எது என்று தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது. நமக்குத்தான் தெரியும், நாம்தான் சொல்லித் தொடங்கிவைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் குத்துமதிப்பு. வாய்க்கு வந்த எண் இல்லை அது, படகு தண்ணீரில்தான் நிற்கும் என்று தெரிந்தவள் சொல்கிற எண். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாலு வருஷம்.

இப்போது நீ போன பிறகு நடந்ததைக் கேள்.

வீட்டில் பழகின கம்ப்யூட்டரில் அவள் ஒவ்வொரு முறையும் அந்த முதல் எண்ணைக் கையால் போட்டுத்தான் ஓட்டுவாள். மேடையில் பதற்றத்தில் போட மறந்துவிட்டாள். நாம் போடாவிட்டால் அது தானாகவே எல்லாவற்றுக்கும் ஒன்று, ஒன்று என்று வைத்துக்கொள்ளுமாம். ஒன்று என்றால் அவள் கணக்கில் கரைப் பக்கமாம். அதனால்தான் படகு ஏலக்கூடத்துக்குப் போனது. நீ வாசலைத் தாண்டிய பிறகு, சிரிப்பு அடங்குவதற்குள், எல்லாவற்றையும் சைபர் ஆக்கிப் பார்த்தாள். படகே வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து நின்றுவிட்டது. சைபர் என்றால் சரியாக இரண்டு தூணையும் சேர்க்கிற கோட்டின் மேலேயே நிற்கிற மாதிரியாம். கடல் பக்கம் போவதா கரைப் பக்கம் போவதா என்று தெரியாமல் திகைத்துவிடுமாம். அவளும் அப்படித்தான் நின்றாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அவளை அழைத்துவந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் முட்டி வலி நல்லதைச் செய்தது, எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ தட்டினாள். படகு வந்தது. தண்ணீரில், தூணுக்கு எதிரில், கயிறு இரண்டும் விறைப்பாக, நம் ஆட்கள் கட்டுகிற மாதிரியே நின்றது. சார் கிட்டே வந்து பார்த்துவிட்டு, இங்கே கழித்தல் குறி போட்டிருக்கிறாயே, கரைப் பக்கத்தை ஏன் கூட்டலாக வைத்தாய், எல்லாரும் கடல் பக்கத்தைத்தானே கூட்டலாக வைப்பார்கள், அப்படி வைத்திருந்தால் மறந்தாலும் படகு கடலில் வந்திருக்குமே என்று கேட்டார். அதற்கு உன் மகள் சொன்ன பதில் இது. நீ கேட்க வேண்டிய பதில் இது, தேசப்பா.

"எங்க வூட்ல கரையைப் பாத்துதான் சார் நிப்போம். கடலு முதுகுப் பக்கம்."

யாரும் சிரிக்கவில்லை. உன் நைனா அப்படித்தானே. படகில் நின்று கரையைப் பார்த்துத்தான் அவருக்கு உலகமே. அந்தக் கோபுரமும் இந்தப் புகைக்கூண்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால் வலை போடுகிற இடம் என்று கண்டுபிடிக்கிறவர். தரைக்கு வந்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்கு இடப்பக்கம் என்பார், வருகிறவர்கள் வலப்பக்கம் தேடிக் கண்டுபிடிப்பார்கள். உன் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டுக்காரர்களை அவர் இப்படி அனுப்பி, அவர்கள் ஐஸ் ஃபாக்டரிக்குள் போய் உட்கார்ந்திருந்தது மறந்துவிட்டதா? நீயும் அவர் பிள்ளைதான். அந்தக் கணக்கை உன் கையில் கொடுத்திருந்தால் நீயும் கரையைத்தான் கூட்டலாக வைத்திருப்பாய், உன் படகும் ஏலக்கூடத்தில்தான் நின்றிருக்கும். அவள் செய்தது நம் வீட்டுத் தப்பு. அதற்காக வெட்கப்பட வேண்டுமானால் குடும்பத்தோடு சேர்ந்து வெட்கப்படலாம், அவள் தலையில் மட்டும் எதற்குக் கொட்டுகிறாய்?

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், இது உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எண்ணூர் சாலைப் பக்கம் அந்தக் கன்டெய்னர் யார்டில் நீ முதன்முதலாக வேலைக்குப் போனபோது இருந்த ஃபோர்மேன் நினைவிருக்கிறதா? காசிமேடு என்று சொன்னதும் உன்னை மேலும் கீழும் பார்த்தானாம். குடிகாரன், சண்டைக்காரன் என்று அன்றைக்கே எண்ணிவிட்டான். நீ சீக்கிரம் போனால் எதையோ எடுக்க வந்திருக்கிறாய் என்றான். கொஞ்சம் பிந்திப் போனால் போதை தெளியவில்லை என்றான். பேசாமல் இருந்தால் முறைக்கிறாய் என்றான், பேசினால் எகிறுகிறாய் என்றான். நீ எதைச் செய்தாலும் அவன் போய் நிற்கிற இடம் ஒன்றாகவே இருந்தது. கிரேன் பக்கமே உன்னை விடவில்லை. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அந்தாளுக்கு நான் இன்னா செஞ்சாலும் பேஜாருதாம்மா" என்று நீ சொன்னாய். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு ராயபுரத்துப் பெரியவர் ஒருவர், அங்கே கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த ஃபோர்மேனிடம் நியாயம் எல்லாம் பேசவில்லை. "ஒரே ஒரு பெட்டியைத் தூக்க வுடு, அத்தப் பாத்துட்டு அப்பால பேசு" என்றார். நீ தூக்கினாய். அலுங்காமல் இறக்கினாய். அங்கிருந்துதான் இன்றைக்கு நீ இருக்கிற இடம் வரைக்கும் வந்தாய்.

அந்தப் பெரியவர் உனக்குக் கிடைத்தார். உன் மகளுக்கு நீ அந்த ஃபோர்மேனாகக் கிடைத்திருக்கிறாய். அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் சினிமா பார்க்கிறாள் என்கிறாய். உட்காராவிட்டால் பயந்துவிட்டாள் என்கிறாய். கொச்சிக்குப் போக ஆசைப்பட்டால் திமிர், போகாமல் இருந்தால் அப்பவே சொன்னேனே என்கிறாய். நீ ஆரம்பித்த இடம் அந்த அரங்கத்தில் எழுந்த சிரிப்பு. அங்கிருந்து எத்தனை அடி வைத்தாலும் நீ ஏலக்கூடத்துக்குத்தான் போய்ச் சேருவாய். நடுவில் ஒரு திருப்பத்திலும் தப்புப் பண்ணியிருக்கமாட்டாய், அந்த மிக்சிக்காரப் பையன் மாதிரி. அதனால்தான் உன்னோடு வாதாடி எனக்கு வாய் வலிக்கிறது. நீ சொல்கிற ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருக்கிறது. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நானே போ என்கிறேன், கலா போ என்கிறாள், அதெல்லாம் காதில் ஏறவில்லை. அப்பன் வாயால்தான் வர வேண்டுமாம். பிடிவாதத்தில் உன்னை உரித்துவைத்திருக்கிறாள். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்கிற பெண் எத்தனை வீட்டில் இருக்கிறாள் என்று நீ பெருமைப்பட்டிருக்க வேண்டும். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, கொச்சிக்காரர்கள் உங்கள் இரண்டு பேர் ரோஷத்துக்காகக் காத்திருக்கமாட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு யாரையாவது எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள்.

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அது உனக்கு வராது, உன் நைனாவுக்கும் வராது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். விடை சரியா என்று பவானி எப்படிப் பார்க்கிறாள் தெரியுமா? நாலைந்து வேறு வேறு இடத்திலிருந்து ஆரம்பித்துப் பார்ப்பாளாம். எங்கிருந்து வந்தாலும் அதே இடத்துக்கு வந்தால் கொஞ்சம் நம்பலாமாம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்குப் போனால் உட்கார்ந்து யோசிக்க வேண்டுமாம். நீயும் அப்படிச் செய். சிரிப்பிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டாய், போதும். இனி, நீ போன பிறகு மேடையிலேயே நின்று, அழாமல், படகைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தாளே, அங்கிருந்து ஆரம்பித்துப் பார். உன் நைனாவின் படகு உடைந்த அன்றைக்கு நாம் சுவரோரம் நின்றோமே, அங்கிருந்து ஒருமுறை ஆரம்பித்துப் பார். எங்கிருந்து வந்தாலும் அவள் போக வேண்டாம் என்றுதான் உனக்குத் தோன்றினால், நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தேன். பவானி காய்ந்த துணிகளை மடித்தபடி வந்து, யாருக்கு ஆயா என்று கேட்டாள். உங்கப்பனுக்குத்தான் என்றேன். படித்துக் காட்டச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று அப்பாவைக் கேட்டு எழுதினாயா என்றாள். கேட்கவில்லை, வருகிற மாதிரியே தெரியவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்றேன். கையில் இருந்த சட்டையைக் கொடியில் போடாமல் பெட்டி மேல் வைத்தாள்.

"வருவாருன்னே ஆரம்பி ஆயா" என்றாள்.

அதனால் உன்னை வருவாயா என்று நான் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கலாவை அனுப்பிச் சங்கரா வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன்.

உன் அம்மா